ருபார்ப்புக்கு வைத்த விருந்து

எங்கள் வீட்டில் ‘போதும்’ என்ற சொல்லுக்கு ‘இன்னும் ஒரு கரண்டி வையுங்கள்’ என்றுதான் அர்த்தம். ‘ஐயோ, வேண்டவே வேண்டாம்’ என்றால் இரண்டு கரண்டி. இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து மறைத்தால் விரல் இடுக்கு வழியாக ஊற்றுவார்கள். தப்பித்து எழுந்துவிட்டவர்களுக்கு, ‘பாவம், கூச்சப்படுறாக’ என்று சொல்லி டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் இது உபசாரம். எங்கள் வீட்டில் வியாதி.

அந்த வியாதி ஒரு செடியைக் காவு வாங்கிய கதை இது. வீட்டுக்கு யார் வந்தாலும், காபி ஆறுவதற்குள் யாராவது ஒருவர் இதை ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சொல்லச் சொல்ல அதில் என் பங்கு வேறு கூடிக்கொண்டே போகிறது. (போன மாதம் சித்தப்பா சொன்ன கதையில் நான் ஒரு முழுச் சுறாவைக் கொண்டுவந்து புதைத்திருந்தேன்.) இப்படியே விட்டால் திமிங்கிலம் வரைக்கும் போகும். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைத்துவிடுகிறேன். அப்புறம் உங்கள் பாடு.

நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. கல்யாணத்துக்கு முன்பு கொஞ்ச காலம் நீலகிரிப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். குன்னூரில் ஒரு மருந்துக்கடையில் நித்யா வேலை பார்த்தாள். மழைக்கு ஒதுங்கப் போய், மழை விட்ட பிறகும் ஒதுங்கியே நின்று, கடைசியில் கல்யாணம் வரை வந்துவிட்டது. அவள் அப்பா தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். என் சம்பளம், சாதி சனம் எதைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆட்சேபணை. எங்கள் ஊர் வெயில்.

அவர் முதன்முதலில் வீடு பார்க்க வந்தது சித்திரை மாதம். (வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.) பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். கைக்குட்டையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உள்ளங்காலை மாற்றி மாற்றி வைத்துக் குளிர்ச்சி தேடினார். புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, தப்பா நினைக்காதீங்க. என் பொண்ணு குளிர்ல வளர்ந்தவ. இங்க தாங்குவாளா?” என்று கேட்டார். நான் என்னமோ சூரியனை என் பெயருக்கு எழுதி வாங்கி வைத்திருப்பவன் மாதிரி, “நான் பாத்துக்கறேன் மாமா” என்றேன்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. கார்த்திகையில் மாமா ரிட்டயர் ஆனார். எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போக வேண்டும். அப்போது ஈரச் சாக்கில் எதையோ சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ் மாறி பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சாக்கைப் பிரித்தால் ஒரு செடி. சேம்பு இலை மாதிரி அகலமான இலை, சிவந்த தண்டு, கீழே மரவள்ளிக் கிழங்கு தடிமனில் வேர்க்கட்டை.

“ருபார்ப்” என்றார்.

நித்யா அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். அது அவள் அம்மா வளர்த்த செடி. வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் பங்களாத் தோட்டத்தில் வைத்துவிட்டுப் போனது, கை மாறிக் கை மாறி அத்தையிடம் வந்து, குவார்ட்டர்ஸின் பின்பக்கம் வளர்ந்திருக்கிறது. தண்டு நல்ல புளிப்பு. சர்க்கரை போட்டுக் கிண்டி ஜாம் செய்வார்களாம். அத்தை தவறிப்போனது எங்கள் கல்யாணத்துக்கு முன்பே. நான் அவரைப் பார்த்ததில்லை. ஜாமும் சாப்பிட்டதில்லை. நித்யாவிடம் அம்மாவின் பொருள் என்று மிச்சம் இருந்தது இந்தச் செடி ஒன்றுதான்.

மாமாவே குழி தோண்டி, மக்கிய சாணி எரு போட்டு, பின்கட்டுச் சுவர் நிழலில் நட்டார். நட்டுவிட்டு எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து விதிமுறைகளைச் சொன்னார்.

“மாசத்துக்கு ஒரு கை எரு. போதும். அதுவும் தண்டை ஒட்டிப் போடக்கூடாதுங்க, ஒரு சாண் தள்ளிச் சுத்திப் போடணும். தண்ணி தேங்கக்கூடாது. முதல் வருஷம் தண்டை அறுக்க வேண்டாம். இலையை யாரும் தின்னுடாதீங்க, விஷம்.”

அம்மா என் காதில் கிசுகிசுத்தார்: “இலையத் திங்கக் கூடாத கீரைக்கு என்னத்துக்கப்பா இம்புட்டுச் சீராட்டு?”

இலை விஷம் என்பது அம்மாவுக்குப் பெரிதாகப் படவில்லை. ‘மாசத்துக்கு ஒரு கை, போதும்’ என்றாரே, அதுதான் அவர் மனதைப் போட்டு அறுத்திருக்கிறது. மலையை விட்டு இறங்கி நம்மை நம்பி வந்த செடி. அதற்கு மாதம் முழுக்க ஒரே ஒரு கையா? ஊர் என்ன பேசும்?

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமா போன் பண்ணுவார். எடுத்தவுடன் முதல் கேள்வி, “செடி எப்படி இருக்கு?” மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. நித்யாதான் ஒருநாள் சொன்னாள்.

“உங்களுக்குப் புரியலையா? நான் இங்க எப்படி இருக்கேன்னு நேரா கேட்க அவருக்குக் கூச்சம். அந்தச் செடி தாங்குச்சுன்னா நானும் தாங்குவேன்னு ஒரு கணக்கு.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. செடி வாடினால் நான் தோற்றேன். எனவே மாமா எப்போது கேட்டாலும், “பிரமாதமா இருக்கு மாமா!” என்றேன்.

மார்கழி பாதி வரை உண்மையிலேயே பிரமாதமாகத்தான் இருந்தது. பனி வேறு விழுந்ததா, புது இலை விட்டது. அப்பா மிஞ்சிப்போன ஆத்தங்குடிக் கற்களை எடுத்து அதைச் சுற்றிப் பாத்தி கட்டினார். (எங்கள் தெருவிலேயே பூப்போட்ட தரை உள்ள ஒரே செடி அதுதான்.) அப்புறம் ஒருநாள் பார்க்கிறேன், இலை ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. இன்னும் நான்கைந்து நாளில் நடு இலையும் பழுத்துத் தொங்கியது.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் மருந்து விற்பவன். அளவுக்கு மேல் போனால் மருந்தே ஆளைத் தூக்கிவிடும் என்று டாக்டர்களிடமே பாடம் நடத்துபவன். அப்படிப்பட்டவன், கருகிய இலையைப் பார்த்ததும் என்ன நினைத்தேன்? பசி என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எவருக்கு என்ன ஆனாலும் முதலில் தோன்றுவது அதுதான். காய்ச்சலா? சாப்பிட்டிருக்க மாட்டான். வேலை போய்விட்டதா? முதலில் சாப்பிடச் சொல்லு.

யூடியூபில் தேடினேன். ஒருவர் மீன் அமிலம் செய்யக் கற்றுக்கொடுத்தார். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம அளவு போட்டு மூடி வைத்தால் ஊறித் தேன் மாதிரி ஆகிவிடும், அதில் ஒரு ஸ்பூனை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றினால் செத்த செடியும் எழுந்து நிற்கும் என்றார். மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் செவுளும் குடலும் கேட்டபோது, “பூனை வளக்குறீகளா?” என்றார். ஆமாம் என்றேன். ஒரு பெயின்ட் வாளியில் போட்டு மூடி, மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நித்யாவிடம் மூச்சு விடவில்லை. ‘அப்பா சொன்னதுக்கு மேல யாரும் ஒண்ணும் போடாதீங்க’ என்று அவள் எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பொங்கல் வந்தது. எங்களுக்குத் தலைப் பொங்கல். மாமா சீர் கொண்டுவருகிறார். காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். விடிந்ததும் செடியைப் போய்ப் பார்த்தேன். எல்லா இலையும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓடி வாளியைத் திறந்தேன். ஒரு ஸ்பூன் என்று அந்த யூடியூப்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் படுத்துக் கிடக்கிற ஜீவனுக்கு ஒரு ஸ்பூன் எந்த மூலைக்கு? இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். இன்னும் கொஞ்சம். கடைசியில், ‘மிச்சத்தை வைத்து என்ன செய்யப் போகிறோம்’ என்று வாளியையே கவிழ்த்துவிட்டேன்.

நாற்றம் என்று எழுதினால் உங்களுக்கு ஒன்றும் புரியப் போவதில்லை. கரண்ட் போன மீன் கடையின் ஐஸ் பெட்டியை மூன்றாம் நாள் திறந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் வெல்லப் பாகு வாசனை வேறு. செடியிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அம்மா கோலம் போட்டு, புதுப்புடவை கட்டி, பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றியிருந்தார். நல்ல நாளில் எங்கள் வீட்டில் முட்டையின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

“எவன்டா அது! நல்ல நாளும் அதுவுமா பொங்கப் பானைகிட்ட கவுச்சி அடிக்குது?”

அம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பூனைகள் வந்துவிட்டன. எங்கள் தெருப் பூனைகள், அடுத்த தெருப் பூனைகள், இதுவரை நான் கண்ணால் பார்த்திராத பூனைகள். சுவர் மேலிருந்து சொத் சொத்தென்று குதித்துப் பாத்தியைப் பிறாண்டின. அப்பா துண்டைச் சுழற்றிக்கொண்டு அங்குட்டும் இங்குட்டும் ஓடினார். நான் விளக்குமாற்றோடு ஓடினேன். அந்தக் களேபரத்தில் பானை பொங்கி வழிந்தது. ‘பொங்கலோ பொங்கல்’ சொல்ல ஆளில்லை. அந்த நேரம் பார்த்து, தோளில் கரும்பும் கையில் வெண்கலப் பானையுமாக மாமா உள்ளே நுழைந்தார். ஒரு செம்பட்டைக் கடுவன் பூனை ருபார்ப் இலையொன்றை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு அவர் கால்களுக்கு நடுவே புகுந்து போனது.

மாமா கரும்பைச் சுவரில் சாய்த்தார். வெண்கலப் பானையை இறக்கி வைத்தார். பாத்தியின் அருகே குந்தி உட்கார்ந்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“மீன் போட்டது யாருங்க?”

“நான்தான் மாமா. கொஞ்சம்...”

“சரி. இது புளிச்ச வாடை. இது மீன் இல்லையே?”

அம்மா கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தினம் ஒரு செம்பு மோருதான் சம்பந்தி. கழனித் தண்ணியும் சேத்து. வெறுந்தண்ணிய எப்பிடி ஊத்துறது? மலையில இருந்து வந்த செடியில்ல?”

மாமா மண்ணைக் கிளறினார். உருண்டை உருண்டையாக வந்தது. அப்பா தொண்டையைச் செருமினார். “அது ஆட்டுப் புழுக்கை சம்பந்தி. காளையார்கோவில்ல நம்ம பங்காளி வீட்டுக் கெடையில இருந்து ஒரு சாக்கு கொண்டாந்தேன். புதுசு. சூட்டோட போட்டாத்தான் சத்துன்னு...”

“இந்த வெள்ளைக் குருணை?”

தேவகோட்டை ரோட்டில் உரக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா பொங்கலுக்கு வந்தவர், நைசாக வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். “யூரியா” என்றார். “கடையை வச்சுக்கிட்டு, வீட்டுக்கு வந்த செடிக்கு ஒண்ணும் செய்யலைன்னா நல்லாவா இருக்கும்? ரெண்டே ரெண்டு பிடி. வர்றப்பெல்லாம்.” (சித்தப்பா தினமும் வருவார்.)

ஆக, நான்கு பேர். நான்கு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், தன்னை விட்டால் அதற்கு நாதியில்லை என்று நினைத்துக்கொண்டு ஊட்டியிருக்கிறோம். மாமா விரலால் மண்ணை விலக்கி வேர்க்கட்டையைத் தூக்கினார். அழுகிய வாழைப்பழம் மாதிரி கையோடு வந்தது.

நித்யா அதுவரை வாசல்படியிலேயே நின்றிருந்தாள். “ஒரு கை போதும்னு அப்பா சொன்னாரே. யாராவது ஒருத்தராவது கேட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. பார்த்தேயிராத ஒரு அத்தையை நானே இன்னொரு முறை சாகடித்துவிட்ட மாதிரி இருந்தது. அதைவிட, மாமா இனி என்ன நினைப்பார்? இங்கே வந்த எதுவும் தாங்காது என்றுதானே? அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல், பிடித்த விளக்குமாற்றைப் பிடித்தபடியே நின்றேன்.

என்ன ஆனாலும் சாப்பிட்டாக வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் இழவு விழுந்தாலும் பந்தி நிற்காது. நித்யாவை மாமாவே போய் அழைத்து வந்தார். இலை போட்டார்கள். குற்ற உணர்ச்சியில் அம்மாவின் கை இன்னும் நீண்டுவிட்டது. சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பல காய்க் குழம்பு, பரங்கிக்காய், மொச்சை, வாழைக்காய், வெல்லம் போட்ட உளுந்துக் கும்மாயம், வடை என்று இலையில் பச்சை தெரியவில்லை.

“போதுங்க” என்றார் மாமா.

“என்ன சம்பந்தி, கொறிக்கிறீக? நல்லாச் சாப்பிடுங்க.” ஒரு கரண்டி விழுந்தது.

“அம்மா, நெஜமாவே போதுங்க.”

“இம்புட்டூண்டு பொங்கல் ஒண்ணும் பண்ணாது.” இன்னொரு கரண்டி.

மாமா இலைக்கு மேல் கையை வைத்து மறைத்தார். அந்தப் பக்கமிருந்து அப்பா வடையை வைத்தார். இந்தப் பக்கம் சித்தப்பா நெய்யை ஊற்றினார். நானும் பழக்க தோஷத்தில் கும்மாயத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாமா இலையைப் பார்த்தார். எங்கள் நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அது எப்படிச் செத்துச்சுன்னு இப்பத் தெரியுதுங்க.”

முதலில் சிரித்தது நித்யாதான். கண்ணில் தண்ணீர் காயாமலே, சுவரில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் மாமா. அப்புறம் அப்பா. அம்மா மட்டும், “இதுல சிரிக்க என்ன இருக்கு? வெறும் வயித்தோட பேசுறீக” என்று சொல்லிக்கொண்டே ரசம் கொண்டுவரப் போனார்.

கை கழுவும்போது மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். “மாப்ளை, வருத்தமாத்தான் இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். அவ கையால வச்ச செடி. ஆனா வெயில்ல என் பொண்ணு காஞ்சு போயிடுவாளோன்னு பயந்துட்டு இருந்தேன். அந்தப் பயம் போயிடுச்சு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேற பயம் வந்திருக்கு. அது பரவாயில்லை, அவளுக்கு வாய் இருக்கு, போதும்னு சொல்லிக்குவா” என்றார்.

பிறகு காய் நறுக்கும் கத்தியைக் கேட்டு வாங்கி, அந்த அழுகல் கட்டையைக் கழுவி, கெட்டுப்போனதையெல்லாம் சீவிக்கொண்டே போனார். முடிவில் ஒரு எலுமிச்சம்பழ அளவு துண்டு தேறியது. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு முளை. அதை ஈரக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மாட்டுப் பொங்கலுக்குக்கூட நிற்காமல் அன்றைக்கே கிளம்பிவிட்டார். குன்னூரில் அவரோடு வேலை பார்த்த நண்பர் இன்னும் குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். நேரே அங்கே கொண்டுபோய் நட்டுவிட்டு, சாமி சத்தியமாக ஒரு கைக்கு மேல் எரு போடக்கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறார். (அம்மா வழியில் சாப்பிடக் கட்டிக் கொடுத்த மூன்று டிபன் பாக்ஸில் ஒன்றைக்கூட அவர் மறுக்க முடியவில்லை.)

செடி பிழைத்துவிட்டது. இப்போது அது ஒரு பெரிய புதர். வருஷா வருஷம் ஒரு பாட்டில் ஜாம் வருகிறது. நல்ல புளிப்பு. ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் போய்ப் பார்ப்போம். மற்றவர்கள் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கலாம். நான் மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இது மாமா போட்ட விதி இல்லை. என் பெண் போட்டது. அவள் பிறக்கும் முன்பே நடந்து முடிந்த கதைக்கு இப்படி ஒரு நீதிபதி வந்து சேருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சென்ற வாரம் அம்மா அவளுக்குப் பணியாரம் வைத்துக்கொண்டிருந்தார். அவள் போதும் என்றாள். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. (அந்தச் சொல்லுக்கு மட்டும் என்றைக்குமே கேட்டதில்லை.) அடுத்ததை எடுத்துக்கொண்டு வரும்போது, என் பெண் தட்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினாள்.

“அப்பத்தா, நான் ருபார்ப் இல்ல!”

அம்மாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறந்ததிலிருந்து நான் அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. கொஞ்ச நேரம் பணியாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, “சரித்தா, ஒனக்கு வேணாம்” என்றார். திரும்பினார். அதைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.